பாவு தீர்ந்து பாவு ஏறும் வரை

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் இடத்தில் மட்டும் தரை வேறு நிறமாக இருக்கும். முன்பு அது தறிக்குழி. அப்பா 32 வருடம் அந்தக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்தார். கூலி கட்டுப்படியாகாமல் ஒரு நாள் தறியை விற்றோம். வாங்கியவர்கள் கழற்றி டெம்போவில் ஏற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கொத்தனார் வந்து குழியில் மண்ணையும் ஜல்லியையும் கொட்டி மேலே சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவின் மனசுக்குள் அது முடியவில்லை. அதற்கப்புறம் பல மாதம், வழக்கம் போலக் காலை ஐந்து மணிக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு அந்த சிமெண்ட் தரையின் ஓரத்தில் வந்து உட்காருவார். பேசமாட்டார். பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிப்போகும். "உடம்புக்கு என்னங்க?" என்று அம்மா கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். வலது கால் மட்டும் அவ்வப்போது தரையை ஒரு அழுத்து அழுத்தும். மிதி அங்கே இல்லை என்பது காலுக்கு இன்னும் தெரியவில்லை போல.

நான் மனநல மருத்துவர் இல்லை. அப்பாவுக்கு என்ன ஆகிறது என்று பிடிபடாமல் தேடிப் படிக்க ஆரம்பித்தவள். அப்படிப் படித்ததில் எனக்கு உதவியவற்றை, வாழ்க்கை தலைகீழாகிப் போய் இப்போது அதன் நடுவில் நிற்கிற யாருக்காவது புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

வெளியே நடப்பது, உள்ளே நடப்பது

வேலை போவது, ஓய்வு பெறுவது, விவாகரத்து, ஊர் மாறுவது, வீட்டில் ஒருவர் இறப்பது, எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டலாம். அந்த மாற்றத்துக்கு மனசு பழகிவருகிறதே, அது வேறு கணக்கு. அதற்குத் தேதி கிடையாது. வெளியே நடந்தது இரண்டு நாளில் முடிந்ததால் உள்ளேயும் இரண்டு நாளில் முடிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். முடியாதபோது "எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான்தான் பலவீனமா?" என்று இன்னொரு சுமையையும் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் பிரிட்ஜஸ். முன்பு இலக்கியப் பேராசிரியராக இருந்த அமெரிக்கர். மனசு மாறிவருவதில் மூன்று பகுதி உண்டு என்று 1980 வாக்கில் எழுதினார். முதலில் ஒன்று முடிகிறது. அப்புறம் எதுவுமற்ற ஓர் இடைக்காலம் வருகிறது. கடைசியில்தான் புதிதாக ஒன்று தொடங்குகிறது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நடுப்பகுதிக்கு இடமே தருவதில்லை. "சரி, தறி போச்சு, அடுத்து என்ன பண்ணப் போறீங்க?" என்று தறி ஏறின டெம்போ தெருமுனை திரும்புவதற்குள் கேட்டுவிட்டார்கள்.

அந்த நடுப்பகுதி என்னவென்று எனக்குப் புரியவைத்தது எங்கள் வீட்டுத் தொழில்தான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல் இழைகளைப் பாவு என்போம். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அடுத்த பாவை அப்படியே மாட்டி நெய்ய முடியாது. இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகளான விழுதிலும், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சிலும் பழைய பாவின் நுனியை அப்படியே விட்டு வைத்திருப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. இதற்குப் பாவு பிணைத்தல் என்று பேர். பிணைக்கும் நேரத்தில் ஒரு அங்குலத் துணிகூட விழாது. கூலியும் கிடையாது. வெளியிலிருந்து வந்து பார்ப்பவருக்குத் தறி சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும். அந்த வேலையைச் செய்யாமல் அடுத்த சேலை கிடையாது என்பது நெசவாளிக்குத் தெரியும்.

பழைய நுனி வேண்டாம் என்று யாராவது உருவி எறிந்துவிட்டால், விழுதுக்கண் ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து இழை கோர்க்க வேண்டும். அது பத்து மடங்கு தொல்லை. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். "பழசை மறந்துடு" என்பார்கள் அல்லவா, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அச்சில் தொங்கும் அந்த நுனிகள்தான் ஞாபகம் வரும். புதுசைக் கட்டுவதற்குப் பழசில் கொஞ்சம் மிச்சம் வேண்டியிருக்கிறது.

போனது தறி மட்டுமா?

இன்னொன்றையும் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். வெளியே போவது ஒன்று. அதோடு சேர்ந்து போவது பத்து. அப்பாவிடமிருந்து போனது மரச்சட்டமும் கயிறும் மட்டுமில்லை. நெசவாளி என்று சொல்லிக்கொள்ளும் பேர் போனது. பாவு வாங்கப் போகும் இடத்தில் அரை மணி நேரம் அரசியல் பேசும் துணை போனது. எதிர்வீட்டுத் தறிச் சத்தத்துக்கு இவர் தறி பதில் சொல்லும் அந்தத் தாளம் போனது. எங்கள் வீடு திடீரென்று அமைதியானதில் எனக்கே ஒரு வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆகவே மாற்றத்தில் மாட்டிக்கொண்டவர் முதலில் செய்யக்கூடியது, எதை இழந்தோம் என்று துல்லியமாகப் பார்ப்பது. விவாகரத்து ஆனவருக்கு அந்த மனிதரைவிட, அந்த மனிதரின் அம்மாவோடு இருந்த ஒட்டுதல் போனது அதிகம் வலிக்கலாம். ஓய்வு பெற்றவருக்குச் சம்பளத்தைவிட, "சார்" என்று கூப்பிடும் பத்துப் பேர் இல்லாதது வலிக்கலாம். எது வலிக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் திரும்பக் கொண்டுவரலாம், எதைக் கொண்டுவர முடியாது என்று தெரியும். அப்பாவுக்குத் தறியைத் திரும்பத் தர முடியவில்லை. பேச்சுத் துணையைத் தர முடிந்தது. அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, பழைய சேக்காளி ஒருவரைத் தினமும் மாலையில் டீக்கடைக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நல்லது நடந்தாலும் இது உண்டு. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹ் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒத்துப்போக எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் தந்தார்கள். வாழ்க்கைத் துணை இறப்பதற்கு 100, விவாகரத்துக்கு 73, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, ஓய்வுபெறுவதற்கு 45. கல்யாணத்துக்கு எவ்வளவு தெரியுமா? 50. வேலை போவதைவிட அதிகம். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதற்கு 29. அறுபதுகளின் அமெரிக்காவில் போட்ட கணக்கு இது, நம்மூருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்த பெண் மூன்றாம் நாள் கொல்லைப்புறத்தில் நின்று அழுதால், "நல்ல இடம்தானே, எதுக்கு அழுகை?" என்று கேட்பவர்களிடம் அந்த 50-ஐக் காட்டலாம்.

வளைவுக்கு எண் போட்ட பலகை

அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை நிற்கும். பஸ்ஸில் போகும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். துக்கத்துக்கும் இப்படிப் பலகை உண்டு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முதலில் நம்ப மறுப்பது, அப்புறம் கோபம், பேரம், சோர்வு, கடைசியில் ஏற்றுக்கொள்வது என்று ஐந்து படிநிலை சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் சொன்னது அது. அவர் அதைக் கண்டது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப் பேசி. பின்னால் வந்தவர்கள் அதை எல்லாத் துக்கத்துக்கும் ஏணியாக்கிவிட்டார்கள். "எனக்குக் கோபமே வரலியே, ஏதாவது கோளாறா?" என்று ஒரு தோழி என்னிடம் கேட்டிருக்கிறாள். கோளாறு இல்லை. சிலருக்குச் சில உணர்ச்சி வராது. சிலருக்கு ஐந்தாவது வளைவு தாண்டியதும் மறுபடி இரண்டாவது வளைவு வரும்.

இதைவிடப் பொருத்தமாக எனக்குப் படுவது, நெதர்லாந்தில் வேலை பார்த்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் வைத்த விளக்கம். துக்கப்படுகிறவர் இரண்டு பக்கம் மாறி மாறிப் போய் வருகிறார் என்கிறார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுவது, போட்டோவைப் பார்ப்பது, ஏங்குவது. இன்னொரு பக்கம் வாழ்க்கை: கரண்ட் பில் கட்டுவது, புது வேலை பழகுவது, சிரிப்பது. இந்த ஊஞ்சல் ஆட்டமே ஆரோக்கியம், எந்த ஒரு பக்கத்திலும் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல்.

என் பெரியம்மா இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தார். ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காபி, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. பெரியப்பா இறந்தது கார்த்திகையில். காபிப் பழம் சிவந்து நிற்கும் நேரம். காரியம் முடிகிறவரை பழம் காத்திருக்குமா? பறிக்காவிட்டால் உதிர்ந்து அழுகிப்போகும். பெரியம்மா நாலாம் நாளே கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். மதியம் வரை பறிப்பார், ஆட்களை விரட்டுவார், எடைக்காரனோடு சண்டைகூடப் போடுவார். களத்தில் பழத்தைக் கொட்டிப் பரப்பிவிட்டு வந்து, சாயங்காலம் பெரியப்பாவின் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார். "காலையில் சண்டை, மாலையில் ஒப்பாரி, இது என்ன நாடகம்?" என்று உறவுக்காரப் பெண்கள் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. அன்றைக்கு எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது தெரிகிறது, இரண்டுமே நிஜம்.

சாவுக்குச் சடங்கு உண்டு, மற்றதற்கு?

பெரியம்மாவுக்கு ஒரு வசதி இருந்தது. சாவு என்றால் ஊர் வரும். கருமாதி உண்டு, முப்பது உண்டு, முதல் வருடம் பண்டிகை கிடையாது, தலைத்திவசம் வரை "பாவம், இன்னும் ஆறல" என்று சொல்ல ஆட்கள் உண்டு. சடங்குகளில் எனக்குப் பிடிக்காதவை பல உண்டு, குறிப்பாகப் பெண்களுக்குச் செய்பவை. ஆனால் துக்கப்பட இவ்வளவு காலம் எடுத்துக்கொள் என்று ஊரே அனுமதி தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது.

தறி விற்றவருக்கு யார் துஷ்டி கேட்க வருவார்கள்? கரு கலைந்தவளுக்கு? காதல் முறிந்தவனுக்கு? ஒரே மகன் கனடா போய்விட்ட அம்மாவுக்கு? "நல்ல சம்பளமாமே" என்று வாழ்த்தத்தான் வருவார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்தத் துக்கத்துக்குக் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் எண்பதுகளில் தனிப் பேரே வைத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். அழ உரிமை இல்லாததால் அது வேறு வழியில் வெளியே வரும். எரிச்சலாக, முதுகுவலியாக, தூக்கமில்லாமல். அப்பாவுக்குச் சோற்றில் உப்பில்லை என்று கோபமாக வந்தது.

என்ன செய்யலாம்

கையில் காசில்லாத கஷ்டத்துக்கு மனசைத் தேற்றும் யோசனை தீர்வாகாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது கொடுமை. அந்த மாதிரி நேரத்தில் முதல் உதவி, கணக்குப் போட்டு யாரிடம் எவ்வளவு தவணை கேட்கலாம் என்று உடன் உட்காருவதுதான்.

மற்றபடி, "மனசு சரியில்ல" என்ற ஒற்றை வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது உதவுகிறது. பயமா, ஏக்கமா, கோபமா, வெட்கமா? அப்பாவுக்கு இருந்தது பெரும்பாலும் வெட்கம். "இப்ப என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து தெருவில் இறங்காமல் இருந்தார். அது தெரிந்தபின் என்ன பதில் சொல்லலாம் என்று நாங்களே ஒன்று தயார் செய்தோம்: "தறியைக் குடுத்துட்டேங்க, கொஞ்ச நாள் பார்த்துட்டு வேற செய்யணும்." இவ்வளவுதான். பதில் கையில் இருந்ததும் தெருவில் இறங்கினார்.

பேச வராதவர்கள் எழுதிப் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய விஷயத்தைப் பற்றி எழுத வைத்து 1986-இல் முடிவை வெளியிட்டார். எழுதி முடித்த உடனே மனசு இன்னும் பாரமாகத்தான் ஆனது. ஆனால் அடுத்த சில மாதங்களில், உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இதன் பலன் சுமாராகத்தான் தெரிந்தது. ஒரு நோட்டும் பேனாவும்தானே செலவு, செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம்.

பழைய நாளின் எலும்புக்கூட்டை மட்டும் விடாமல் வைத்திருங்கள். எழுகிற நேரம், குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம். உடம்பின் கடிகாரம் இவற்றை வைத்துத்தான் ஓடுகிறது. எல்லாம் போன பிறகு இதையும் விட்டால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மற்றதெல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். மனசு வந்ததும் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு வராது. சின்னதாக ஒரு வேலையைத் தொடங்கினால் மனசு பின்னாலேயே வருகிறது. அப்பாவுக்கு அம்மா பூண்டு உரிக்கக் கொடுத்தார். கை சும்மா இல்லாததே ஒரு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், நாலு நாளில் தானாகக் கேட்டு வாங்கி உரித்தார்.

குடி வேண்டாம். உபதேசமாகச் சொல்லவில்லை. குடித்தால் தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும், நடு இரவில் கலைத்துவிடும். மறுநாள் சோர்வு கூடும். நிலத்தை விற்பது, வீட்டை மகன் பேரில் எழுதுவது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். பெரியம்மாவிடம் பதினாறாம் நாள் பந்தியிலேயே ஒருவர் தோட்டத்துக்கு விலை பேசினார். "காய் காயட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று களத்தைக் காட்டி அனுப்பிவிட்டார். தோட்டம் இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாம் நல்லதுக்குத்தான்", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க இல்லையா?" இந்த இரண்டும் சொல்பவருக்குத்தான் நிம்மதி தரும், கேட்பவரின் வாயை மூடிவிடும். அதைவிட "சாப்பிட்டியா?" எவ்வளவோ மேல். அதைவிட மேல், தூக்குப்போசியில் ரசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க் என்று அலைய வேண்டியிருக்கும்போது கூட வண்டியில் வருகிற ஒரு ஆள், ஆறுதல் சொல்கிற பத்துப் பேருக்குச் சமம்.

எப்போது டாக்டரைப் பார்ப்பது

கஷ்டமாக இருப்பது வேறு, நோய் வேறு. ஆனால் ஒன்று இன்னொன்றாக மாறக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி சோர்ந்தே இருப்பது, முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது, குளிக்கக்கூட எழ முடியாமல் இருப்பது, இவை சேர்ந்து வந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம். மாற்றத்தோடு ஒத்துப்போக முடியாமல் நாள் நகர்வதே தடுமாறிப்போவதற்கும் அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர் என்று மருத்துவத்தில் பேர் உண்டு. பொதுவாகச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கும். அதற்குப் பேச்சு வழி சிகிச்சை இருக்கிறது.

"இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு வந்தால் வாரக் கணக்கு, மாதக் கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "ஜி.எச்.சுக்குப் போனா ஊர் என்ன சொல்லும்?" என்று யோசிப்பவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கவும் அதே வாசலில்தான் போகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. எட்டாம் மாதம் டீக்கடைச் சேக்காளி மூலமாக ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கும் வேலை கிடைத்தது. தறியில் வந்ததைவிடச் சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும், முதல் மாதம் கால் வீங்கிப்போனது. போன வாரம் அந்தக் கடை முதலாளி எங்கள் வீட்டுக்கு போன் போட்டார். மடிக்க வைத்த ஆள் மடிக்காமல் ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் பிடித்து, "இதுல இழை விட்டுப்போச்சு, இது கைத்தறியே இல்ல" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்றார். சொன்னேன். அப்பா பூண்டு உரித்துக்கொண்டே, "விட்டுப்போனத விட்டுப்போச்சுன்னுதான சொல்லணும்" என்றார்.